சிந்தெடிக்கா, சாதாவா? முதல்முறை இன்ஜின் ஆயில் வாங்குபவருக்கு

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் கேட்டார்: “சாதா ஆயில் போதுமா சார், இல்ல சிந்தெடிக் தரட்டுமா?” பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சம். “நல்லதா ஒண்ணு குடுங்க” என்றேன். இருந்ததில் விலை கூடியதை எடுத்து வைத்தார். காசு போனது போகட்டும். அந்த ஆயில் என் காருக்கான கிரேடே இல்லை என்பது ஒன்றரை மாதம் கழித்து, வேறு எதற்கோ மேனுவலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

கடைக்காரர் மேல் தப்பில்லை. நான்தான் கேள்வியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். சிந்தெடிக்கா மினரலா (சாதா ஆயிலுக்கு இன்னொரு பெயர்) என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிட்டால், பெரும்பாலான கார்களுக்கு அந்தக் கேள்வி எழவே எழாது. அந்த வரிசையிலேயே போவோம்.

படி 1: மேனுவலைத் திறங்கள்

டேஷ்போர்டு அறையில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் புத்தகம்தான். பழைய காரோடு அது வரவில்லை என்றால் பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். கடைசி அத்தியாயங்களில், டயர் காற்றழுத்தம், பல்பு வாட் எல்லாம் இருக்கும் பக்கத்துக்குப் பக்கத்தில் இன்ஜின் ஆயில் பற்றி ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து மூன்றை எடுத்து போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, கிரேடு. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40 என்று இருக்கும். சில கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே இதை அச்சிட்டிருப்பார்கள். இரண்டு, தரக்குறியீடு. ஏபிஐ எஸ்என், ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 மாதிரி. ஏபிஐ அமெரிக்க அமைப்பு, ஏசிஇஏ ஐரோப்பிய அமைப்பு; ஆயிலுக்குத் தரம் வகுப்பவை. மூன்று, அளவு. ஃபில்டரோடு மாற்றினால் எத்தனை லிட்டர், ஃபில்டர் இல்லாமல் எத்தனை என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். சின்னக் கார்களுக்குப் பொதுவாக மூன்று, மூன்றரை லிட்டர். பெரிய டீசல் வண்டி என்றால் ஐந்து, ஆறைத் தாண்டும்.

படி 2: கிரேடு சொல்வது என்ன?

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. சித்திரையில் அதே எண்ணெய் தண்ணீராக ஓடும். இன்ஜின் ஆயிலும் குளிரில் கெட்டிப்படும், சூட்டில் நீர்த்துப்போகும். கிரேடில் உள்ள இரண்டு எண்களும் இந்த இரண்டு நிலைகளைத்தான் சொல்கின்றன.

‘டபிள்யூ’ என்பது வின்டர். வெயிட் என்று விளக்கம் சொல்லும் மெக்கானிக்குகளும் உண்டு, அது தவறு. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் இன்ஜினைச் சுழற்ற ஆயில் எவ்வளவு இடம்கொடுக்கும் என்பதைக் காட்டுகிறது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15-ல். பின்னால் வரும் எண், இன்ஜின் முழுச்சூட்டில் இருக்கும்போது, அதாவது 100 டிகிரி செல்சியஸில், ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். 20-ஐவிட 30 கெட்டி, 30-ஐவிட 40 கெட்டி.

“நம்ம ஊர்ல ஏது மைனஸ் 30? முன்னால இருக்குற நம்பர் நமக்கெதுக்கு?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சென்னையில் காலை ஏழு மணிக்கு 28 டிகிரி என்றால், 100 டிகிரிக்குப் பழகிய ஆயிலுக்கு அதுவும் குளிர்தான். 40 டிகிரியில் அளந்தால் 20டபிள்யூ-50 ஆயில், 0டபிள்யூ-20 ஆயிலைவிட ஏறக்குறைய மூன்று, நான்கு மடங்கு கெட்டியாக இருக்கும். ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் மேலே வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் வரை ஆயில் ஏறியாக வேண்டும். நான் தவறான கிரேடு ஊற்றிய அந்த ஒன்றரை மாதமும் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டப்பெட் பக்கமிருந்து கடகடவென்று ஒரு சத்தம் வந்து அடங்கும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சரியான கிரேடு ஊற்றிய மறுநாளே சத்தம் நின்றுவிட்டது.

இன்னொரு நம்பிக்கை: ஆயில் கெட்டியாக இருந்தால்தான் இன்ஜினுக்குப் பாதுகாப்பு. அம்பாசடர் காலத்து இன்ஜினுக்கு அது பொருந்தும். அதன் பேரிங் இடைவெளிகள் அப்படி. இன்றைய பெட்ரோல் இன்ஜின்களில் இடைவெளிகள் குறுகியவை. வால்வு நேரத்தை மாற்றும் பொறியமைப்பே ஆயில் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அதற்கான துளைகள் மிகச் சிறியவை. அங்கே 20டபிள்யூ-50 ஊற்றுவது ரசம் ஓடும் குழாயில் கூழை ஊற்றுவது போலத்தான்.

இனி முக்கியமான விஷயம். 0டபிள்யூ-20 போன்ற ஆயிலை சாதாரண மினரல் அடிப்படையில் செய்யவே முடியாது. அந்தக் குளிர்ச் சோதனையில் தேறாது. ஆகவே மேனுவல் 0டபிள்யூ என்று சொன்னால் நீங்கள் வாங்கப்போவது சிந்தெடிக்தான், கேனில் எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் சரி, சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் சரி. 5டபிள்யூ-30-ம் பெரும்பாலும் அப்படியே. 10டபிள்யூ-30, 10டபிள்யூ-40 வரிசையில் செமி சிந்தெடிக் (இரண்டும் கலந்தது) நிறைய வரும். 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்றால் மினரல் ஆயில் தாராளமாகக் கிடைக்கும். கிரேடைப் பார்த்த உடனேயே பாதி விடை வந்துவிடுகிறது.

படி 3: தரக்குறியீட்டை ஒப்பிடுங்கள்

கேனின் பின்பக்கம் ஏபிஐ என்று ஒரு குறி இருக்கும். ‘எஸ்’-ல் தொடங்கினால் பெட்ரோல், ‘சி’-ல் தொடங்கினால் டீசல். பெட்ரோலில் இரண்டாவது எழுத்து பின்னால் போகப் போகப் புதிய தரம்: எஸ்என் 2010-ல் வந்தது, எஸ்பி 2020-ல், எஸ்க்யூ 2025-ல். மேனுவலில் எஸ்என் என்று இருந்தால் எஸ்பி ஊற்றலாம். எஸ்பி கேட்கும் இன்ஜினுக்கு எஸ்என் கூடாது.

டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் அமைப்பு) உள்ள பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். சின்ன டர்போ இன்ஜின்களில், குறிப்பாக எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகையில், வேகம் குறைவாகவும் பாரம் அதிகமாகவும் இருக்கும்போது ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை அழுத்தும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு! மோசமாக நடந்தால் பிஸ்டனே உடையும். இதற்கு ஆயிலில் உள்ள கால்சியம் சேர்மானமும் ஒரு காரணம் என்று கண்டுபிடித்து, அதற்கான சோதனையை எஸ்பி தரத்தில் சேர்த்தார்கள். இங்கே காப்பாற்றுவது கேனில் இருக்கும் சிந்தெடிக் என்ற சொல் அல்ல. எஸ்பி என்ற இரண்டு எழுத்து.

டீசலில் பிஎஸ்6 (புகை மாசு விதி) வண்டி என்றால் புகைபோக்கியில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கும். கரியை அது அவ்வப்போது எரித்துவிடும். ஆனால் ஆயிலில் உள்ள உலோகச் சேர்மானங்கள் எரிந்து மிஞ்சும் சாம்பல் எரியாது. அங்கேயே தங்கி அடைக்கும். அதனால்தான் அந்த வண்டிகளுக்கு சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். மேனுவலில் ஏசிஇஏ சி2, சி3 என்று இருந்தால் அதே எழுத்தும் எண்ணும் கேனில் இருக்க வேண்டும். ‘டீசல் ஆயில்தானே’ என்று லாரிக்கு வாங்கும் பழைய தரத்தை ஊற்றிவிட்டு, பிறகு டிபிஎஃப் மாற்றக் கொடுக்கும் பில் பல வருட ஆயில் செலவை விழுங்கிவிடும்.

படி 4: இப்போது கேளுங்கள், சிந்தெடிக் என்றால் என்ன?

எந்த ஆயிலும் இரண்டு பங்குதான்: அடிப்படை எண்ணெய், அதோடு சேர்மானங்கள். அழுக்கைக் கழுவுவது, தேய்மானத்தைத் தடுப்பது, நுரையை அடக்குவது எல்லாம் சேர்மானங்களின் வேலை. சாதா, சிந்தெடிக் என்ற பிரிவு வருவது அடிப்படை எண்ணெயில்.

கச்சா எண்ணெயைப் பிரித்து, மெழுகை நீக்கிச் சுத்தம் செய்தால் மினரல் அடிப்படை எண்ணெய். சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல், டீசலோடு இதையும் எடுக்கிறார்கள். இதில் பெரிய மூலக்கூறு, சின்ன மூலக்கூறு, மெழுகு, கந்தகம் என்று கொஞ்சம் கொஞ்சம் எல்லாமே மிஞ்சியிருக்கும். சூட்டில் சின்னவை ஆவியாகிப் போகும், குளிரில் மெழுகு உறையும்.

அசல் சிந்தெடிக்கை வேதியியல் ஆலையில் எத்திலீன் போன்ற எளிய மூலப்பொருளிலிருந்து கட்டுகிறார்கள். மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். பாலிஆல்ஃபாஓலிஃபின் என்று பெயர். இதை வைத்து அமெரிக்காவில் மொபில் 1 சந்தைக்கு வந்தது 1974-ல்.

ஆனால் இன்று கடையில் இருக்கும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ கேன்களில் பெரும்பாலானவை இந்த வகை அல்ல. கச்சா எண்ணெயையே மிக அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜனோடு வினைபுரிய வைத்து, மூலக்கூறுகளை உடைத்து மறுபடி அமைத்தது. ‘குரூப் 3’ என்பார்கள். இதை சிந்தெடிக் என்று சொல்லலாமா என்று 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் மொபிலும் காஸ்ட்ராலும் மோதிக்கொண்டன. அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் சாய்ந்தது. சொல்லலாம் என்று ஆகிவிட்டது. ஜெர்மனியில் மட்டும் அந்தச் சொல்லுக்கு இன்னும் கெடுபிடி உண்டு. இதில் இன்னொரு கிளையும் இருக்கிறது: கத்தாரில் ஷெல் நிறுவனம் இயற்கை எரிவாயுவிலிருந்தே அடிப்படை எண்ணெய் செய்கிறது.

ஏமாற்று வேலையா என்றால் இல்லை. நல்ல குரூப் 3 எண்ணெய் நம் தினசரிக் கார்களுக்குத் தாராளமாகப் போதும். எனக்கு எரிச்சல் தருவது ‘செமி சிந்தெடிக்’ என்ற பெயர்தான். பாதிக்குப் பாதி இருக்கும் என்று வாங்குபவர் நினைப்பார். எத்தனை சதவீதம் என்று கேனில் தேடிப்பாருங்கள், இருக்காது. மினரல் விலைக்குப் பக்கத்தில் வந்தால் வாங்கலாம். சிந்தெடிக் விலைக்குப் பக்கத்தில் வந்தால் சிந்தெடிக்கே வாங்கிவிடலாம்.

சரி, சிந்தெடிக் உண்மையில் எதில் மேல்? குளிர்ந்த இன்ஜினில் சீக்கிரம் ஓடும். கடும் சூட்டில் ஆவியாவது குறைவு, அதனால் இடையில் டாப் அப் குறையும். கெட்டிப்பட்டு தார் மாதிரி படியும் கசடு குறைவு. டர்போவின் தண்டு இருக்கும் இடத்தில் இன்ஜினை அணைத்த பிறகும் சூடு தேங்கி நிற்கும். அங்கே மினரல் ஆயில் கருகும், சிந்தெடிக் தாக்குப்பிடிக்கும். மைலேஜ் எகிறும், பிக்கப் பறக்கும் என்பதெல்லாம் விற்பவர் பேச்சு.

படி 5: உங்கள் காருக்கு எது?

டர்போ பெட்ரோல் என்றால் சிந்தெடிக், யோசிக்க வேண்டாம். பிஎஸ்6 டீசலும் அப்படியே, சாம்பல் குறைந்த வகை. 0டபிள்யூ, 5டபிள்யூ கேட்கும் டர்போ இல்லாத பெட்ரோல் கார்களுக்கு, முன்னே சொன்னபடி, பெரும்பாலும் சிந்தெடிக்கைத் தவிர வேறு வழி இல்லை.

மேனுவலே 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 அனுமதிக்கும் பழைய கார் என்றால்தான் நிஜமாகவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலை. அங்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்றரை லிட்டர் பிடிக்கும் கார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக மினரல் லிட்டர் 350 ரூபாய், சிந்தெடிக் 700 ரூபாய். ஆயிலுக்கு மட்டும் 1,225 ஒரு பக்கம், 2,450 இன்னொரு பக்கம். இரண்டையும் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் வித்தியாசம் கிலோமீட்டருக்கு 12 பைசா. மினரலை 5,000-ல் மாற்றும் ஆள் என்றால், ஃபில்டர் 150, கூலி 300 சேர்த்து ஒரு தடவைக்கு 1,675, இரண்டு தடவைக்கு 3,350. சிந்தெடிக் ஒரே தடவை, 2,900. சிக்கனம் என்று நினைத்தது செலவாகிவிடுகிறது.

ஆனால் வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத பழைய வண்டியை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பவருக்கு மினரல் ஆயிலே போதும். வருடம் ஒருமுறை மாற்றிவிட்டால் சரி. இன்ஜின் ஏற்கெனவே ஆயில் குடிக்கிறது, நீலப் புகை விடுகிறது என்றால் விலை கூடிய சிந்தெடிக்கை ஊற்றிப் புகையாக விடுவதில் அர்த்தமில்லை. முதலில் வேலை பாருங்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் 20,000 கிலோமீட்டர் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நம் ஊர்ப் பெட்ரோல் கார்களுக்கு மேனுவல் சொல்வது பெரும்பாலும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. ‘அல்லது’ என்ற சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தினம் இரண்டு கிலோமீட்டர் போய் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்பும் கார்தான் ஆயிலை அதிகமாகக் கெடுக்கும். இன்ஜின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடும். நெரிசல், புழுதி, குறும்பயணம் இருந்தால் சீக்கிரமே மாற்றச் சொல்லிப் பல மேனுவல்களில் தனி அட்டவணையே உண்டு.

மாற்றுவது, கலப்பது பற்றிய பயங்கள்

மினரலில் இருந்து சிந்தெடிக்குக்கு மாறலாம். திரும்பவும் மாறலாம். ஒரு தடவை சிந்தெடிக் ஊற்றினால் ஆயுசுக்கும் அதுதான் என்பது கதை. பழைய வண்டியில் சிந்தெடிக் ஊற்றியதும் ஆயில் கசிந்தால், சீல் முன்பே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். கசடு அடைத்துக்கொண்டிருந்தது, இப்போது கழுவப்பட்டுவிட்டது.

இரவில் திண்டிவனம் தாண்டும்போது ஆயில் குறைந்திருப்பது தெரிகிறது. பங்கில் உங்கள் பிராண்ட் இல்லை. இருப்பதில் கிரேடும் தரமும் பக்கத்தில் வருவதை ஊற்றுங்கள். ஏபிஐ தர ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும்படிதான் செய்யப்படுகின்றன. சிந்தெடிக்கோடு மினரல் கலந்தால் சிந்தெடிக்கின் நன்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். குறைந்த ஆயிலில் ஓட்டுவதுதான் ஆபத்து. அலாவுதீன் விளக்கு மாதிரி சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதன் அறிகுறி அது. “அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டிய பலர் இன்ஜினையே இழந்திருக்கிறார்கள்.

காரில் மிஞ்சிய ஆயிலை பைக்கில் ஊற்றும் வழக்கம் உண்டு. வேண்டாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் ஊறுகிறது. கார் ஆயிலில் உள்ள உராய்வைக் குறைக்கும் சேர்மானங்களால் கிளட்ச் வழுக்கும்.

படி 6: வாங்குவதும் மாற்றுவதும்

போலி ஆயில் நம் ஊரில் நிஜமான தொல்லை. காலி கேன்களைச் சேகரித்து நிரப்பி விற்கிறார்கள். பங்க், அங்கீகரிக்கப்பட்ட டீலர், தெரிந்த கடை, இந்த மூன்றில் ஒன்றில் பில்லோடு வாங்குங்கள். மூடியின் சீல், தயாரித்த மாதம், பேட்ச் எண் பாருங்கள். உங்கள் கண் முன்னால் கேனைத் திறக்கச் சொல்லுங்கள். ஊற்றி முடித்ததும் காலி கேனில் ஸ்க்ரூடிரைவரால் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள். ஒர்க்‌ஷாப்பில் முறைப்பார்கள், பரவாயில்லை.

வீட்டிலேயே மாற்றுவதென்றால், வண்டி சமதளத்தில், இன்ஜின் வெதுவெதுப்பாக. கொதிக்கும்போது தொடாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது, ஸ்டாண்டு வேண்டும். ஆயில் சேம்பரின் அடியில் உள்ள ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, சொட்டு நிற்கும் வரை விடுங்கள். வாஷரைப் புதிதாகப் போட்டு இறுக்குங்கள். ஆனால் பலம் காட்ட வேண்டாம், அலுமினிய சேம்பரில் மரை போய்விடும். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, மேலே புது ஃபில்டரை மாட்டினால் மொத்த ஆயிலும் தரையில்தான். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் திருகுங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று.

மேனுவல் அளவைவிட அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து ஆயில் மட்டம் காட்டும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். ‘கொஞ்சம் கூடவே இருக்கட்டும்’ என்பது சாம்பாருக்குச் சரி. ஆயில் அதிகமானால் அடியில் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உயவு தராது.

சில நூறு கிலோமீட்டரிலேயே ஆயில் கறுத்துவிட்டால், முக்கியமாக டீசலில், பதற வேண்டாம். கரியைத் தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்கிறது, அதுதான் அதன் வேலை. காப்பியில் பால் விட்ட நிறத்தில் இருந்தால்தான் பிரச்சினை; கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே வருகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

வடித்த ஆயிலைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். பழைய கேனில் பிடித்து, பயன்படுத்திய ஆயிலைச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். கடைசியாக ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் தேதி, கிலோமீட்டர், கிரேடு மூன்றையும் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை கவுண்டரில் நிற்கும்போது அதைப் படித்துக் காட்டினால் போதும்.